எலும்புப் புற்றுநோய்க்கு எந்தப் பரிசோதனையை முதலில் எடுப்பது?

பினாங்கில் திசு ஆய்வுக்கூடம் ஒன்றில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்பதால், தெரிந்தவர்கள் வழியாக என்னைத் தேடி வரும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. அவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு முழங்காலை ஒட்டி வலி வந்திருக்கும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறியதில் பிடித்த சுளுக்கு என்றோ, பந்து விளையாடியபோது பட்ட அடி என்றோ எண்ணி, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டிருப்பார்கள். இரவிலும் வலி விடாமல் வீக்கமும் கூடிய பிறகே எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். பின்னர் எம்ஆர்ஐ, கட்டியிலிருந்து திசு எடுக்கும் பயாப்ஸி என்று வரிசையாக நடந்து, எலும்புப் புற்றுநோய் என்ற அறிக்கை கைக்கு வரும்.

அப்படி வந்த தாய் ஒருவர் என்னிடம் கேட்டது இது: "அக்கா, தனியார் லேப்ல செல்லுக்கு மேல இருக்கிற மார்க்கர் எல்லாத்தையும் பாத்து, கட்டி எவ்வளவு வேகமா வளரும், எந்த மருந்து கேக்கும்னு சொல்லிடுவாங்களாம். நகைய அடகு வச்சாவது எடுத்திரலாமா?" பிள்ளைக்காக எதையும் விற்கத் துணிந்த ஒருவரிடம் அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது என்பதால், அவருக்கு அன்று விளக்கியதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

அந்தக் குடும்பத்தின் முன் நான்கு வழிகள் இருந்தன. சிகிச்சை தரும் மருத்துவமனை வழக்கமாகச் செய்யும் திசுச் சாயச் சோதனைகளோடு நின்று, அதே திசுவை அனுபவமுள்ள இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டி இரண்டாம் கருத்துப் பெறுவது முதல் வழி. ஹெர்2, ஜிடி2, பி7-எச்3, பிடி-எல்1 போன்ற பரப்புக் குறிப்பான்களை மொத்தமாகப் பார்க்கும் விரிவான தொகுப்பைச் சொந்தச் செலவில் எடுப்பது இரண்டாவது. கட்டியின் மரபணுக்களை ஆராய்வது மூன்றாவது. கூடுதலாக எதுவும் எடுக்காமல் கீமோதெரபியைத் தொடங்கி, கட்டி அதற்கு எப்படி இணங்குகிறது என்பதிலிருந்தே அதன் குணத்தை அறிவது நான்காவது.

இவற்றை ஒப்பிடுமுன், பரப்புக் குறிப்பான் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வோர் உயிரணுவின் வெளிச்சவ்விலும் பல வகைப் புரதங்களும் கொழுப்புச் சர்க்கரைகளும் பதிந்திருக்கின்றன. எலும்பு அணு, இரத்த அணு, நரம்பு அணு ஒவ்வொன்றுக்கும் இந்தப் பதிவுகளின் சேர்க்கை வேறு. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் ஒரே இலக்கில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடிகளை உண்டாக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகு, இந்தப் பதிவுகளைத் தனித்தனியாக அடையாளம் காண முடிந்தது. 1982-இல் பாரிஸில் கூடிய அறிவியலாளர்கள் அவற்றுக்குச் சிடி என்ற முன்னொட்டோடு எண்கள் இடத் தொடங்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்வது, மெழுகில் பதித்த திசுவை மிக மெல்லிய ஏடாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அதன்மேல் குறிப்பிட்ட ஆன்டிபாடியை இட்டு, அது ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகத் தெரியும்படி சாயமேற்றுவதுதான். நீல நிற உட்கருவைச் சுற்றிப் பழுப்புக் கோடு வளையமாக ஓடினால், அந்தக் குறிப்பான் சவ்வில் இருக்கிறது என்று பொருள்.

அந்தக் கோட்டிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்தக் கட்டியின் பெயர் என்ன? இது எவ்வளவு வேகமாக வளர்ந்து பரவும்? எந்த மருந்து இதைத் தாக்கும்? எலும்புப் புற்றுநோயைப் பொறுத்தவரை, முதல் கேள்விக்குப் பரப்புக் குறிப்பான்கள் அருமையாகப் பதில் சொல்கின்றன, இரண்டாவதற்குத் தடுமாறுகின்றன, மூன்றாவதற்கு, ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, சிகிச்சையை மாற்றும் அளவுக்கு இன்னும் பதில் தருவதில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து அது துணிக்கடையா மளிகைக்கடையா என்று சொல்லிவிடலாம். உள்ளே வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைப் பலகை சொல்லாது.

முதல் வழியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுபோல் தோன்றும் எலும்புப் புண்கள் முற்றிலும் வேறு வேறு நோய்களாக இருக்கக்கூடும். சிறிய வட்ட அணுக்கள் நெருக்கமாக நிறைந்த கட்டியில் சிடி 99 சவ்வு முழுவதும் அழுத்தமாகப் படிந்திருந்தால் யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் என்று ஐயப்படுகிறோம். ஆனால் இரத்த அணுப் புற்றுநோயான லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவிலும் சிடி 99 அதே அழுத்தத்தோடு படியும் என்பதால், சிடி 45 உள்ளிட்ட இரத்த அணுக் குறிப்பான்களையும் கூடவே பார்க்காமல் எந்த நல்ல ஆய்வுக்கூடமும் அறிக்கை தராது. சிடி1ஏ-யும் லாங்கரினும் படிந்தால் அது லாங்கர்ஹான்ஸ் அணுப் பெருக்கமாக இருக்கலாம். ஒரே எலும்பில் மட்டும் உள்ள அத்தகைய புண் சில வேளைகளில் சுரண்டி எடுப்பதோடு முடிந்துவிடும். வயதானவரின் எலும்பில் சிடி 138 படிந்த அணுக்கள் நிறைந்திருந்தால் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமாவை நினைக்க வேண்டும். யூயிங் சார்கோமா கதிர்வீச்சுக்கு இணங்கும், ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் இணங்காது. குருத்தெலும்புப் பொருளை உண்டாக்கும் காண்ட்ரோசார்கோமாவின் வழக்கமான வகை கீமோதெரபிக்கும் கதிர்வீச்சுக்கும் அசைந்து கொடுக்காததால் அறுவை சிகிச்சையையே நம்பியிருக்கிறது. பெயர் தவறினால் சிகிச்சை முழுவதும் தவறும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் மிகுதியாகக் காணப்படும் எலும்புப் புற்றுநோயான ஆஸ்டியோசார்கோமாவுக்கு, அதற்கே உரிய பரப்புக் குறிப்பான் என்று எதுவும் கிடையாது. கெட்ட அணுக்கள் தாமாகவே இளம் எலும்புப் பொருளைச் சுரந்திருப்பதை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்துத்தான் அதற்குப் பெயர் சூட்டுகிறார்கள். ஆகவே இங்கே விலை உயர்ந்த சோதனையைவிட, நிறைய எலும்புக் கட்டிகளைப் பார்த்துப் பழகிய கண் மதிப்புடையது. இரண்டாம் கருத்தை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பெயர் சரியாக அமைவது பயாப்ஸி எடுக்கும் கையையும் பொறுத்தது. 1996-இல் எலும்பு அறுவை மருத்துவர் மான்கினும் அவருடைய குழுவினரும் 597 நோயாளிகளின் பயாப்ஸிகளை ஆராய்ந்து, இறுதி சிகிச்சை தரும் மையத்தில் எடுக்காமல் அனுப்பிவைக்கும் மருத்துவமனையிலேயே எடுத்தபோது பிழைகளும் சிக்கல்களும் 2 முதல் 12 மடங்கு வரை கூடியதைக் காட்டினார்கள். ஊசி போன பாதையில் புற்று அணுக்கள் தங்கக்கூடும் என்பதால், கடைசி அறுவையில் அந்தப் பாதையையும் சேர்த்து அகற்ற வேண்டும். பாதை தவறான இடத்தில் அமைந்துவிட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலையும் இழக்க நேரிடும். பினாங்கிலோ கெடாவிலோ உள்ள குடும்பம், பயாப்ஸிக்கு முன்பே கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற, எலும்புக் கட்டிகளுக்குத் தனிப் பிரிவுள்ள இடத்துக்கு அனுப்பிவைக்குமாறு கேட்பதில் தவறே இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து எல்ஆர்டியில் யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கினால் மருத்துவமனை பக்கத்தில்தான். அந்தப் பயணத்துக்கு ஆகும் செலவு, எந்தக் குறிப்பான் தொகுப்பின் விலையோடும் ஒப்பிடத்தக்கதன்று.

இன்னொரு செய்தியை வெளியில் யாரும் சொல்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் இருந்தவள் என்ற முறையில் நான் சொல்ல வேண்டும். எலும்பு கடினமானது என்பதால் அதை ஏடாக வெட்டுமுன் சுண்ணத்தை நீக்க வேண்டும். கடும் அமிலத்தில் ஊறவைத்தால் வேலை விரைவில் முடியும். ஆனால் மரபணுப் பொருள் சிதைந்து, சில குறிப்பான்களின் சாயமும் மங்கிவிடும். ஈடிடிஏ கரைசலில் மெதுவாக ஊறவைத்தால் நாள் அதிகமாகும், திசு காக்கப்படும். அதைவிட நல்லது, கட்டியின் மென்மையான பகுதியைச் சுண்ணம் நீக்காமல் தனி மெழுகுக் கட்டியாக எடுத்து வைப்பது. நான் பணியாற்றிய ஓரிடத்தில் அவசரத்தில் எல்லாத் திசுவையும் அமிலத்தில் இட்டுவிட்டதால், பின்னர் வந்த மரபணுச் சோதனை முடிவே தராமல் போய், அந்தப் பிள்ளைக்கு மறுபடியும் ஊசி போட வேண்டியிருந்ததை நான் மறக்கவில்லை. எனவே பயாப்ஸிக்கு முன், "கொஞ்சம் திசுவைச் சுண்ணம் நீக்காமல் எடுத்து வைப்பீர்களா, டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். காசு செலவில்லாத இந்தக் கேள்வி, பின்னால் தேவைப்படக்கூடிய எல்லாச் சோதனைகளுக்கும் வழியைத் திறந்து வைக்கிறது.

இனி அந்தத் தாய் கேட்ட இரண்டாவது வழி. அதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற பரப்புப் புரதம் மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் மருந்து நோயின் போக்கையே மாற்றுகிறது. 1998-இல் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்ததிலிருந்து எத்தனையோ பெண்கள் பிழைத்திருக்கிறார்கள். அதே ஹெர்2 ஆஸ்டியோசார்கோமாவிலும் காணப்பட்டபோது அதே நம்பிக்கை எழுந்தது இயல்பு. ஆகவே அமெரிக்காவில், நோய் கண்டறியும்போதே பரவியிருந்த 96 நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஹெர்2 உள்ள 41 பேருக்குக் கீமோதெரபியோடு டிராஸ்டுசுமாபும், மற்றவர்களுக்குக் கீமோதெரபி மட்டும் கொடுக்கப்பட்டது. 2012-இல் வெளியான முடிவின்படி, 30 மாதங்களில் நோய் திரும்பாமலோ முற்றாமலோ இருந்தவர்கள் இரு தரப்பிலும் 32 விழுக்காடு. மருந்து சேர்ந்ததால் தெளிவான நன்மை எதுவும் தெரியவில்லை.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற குறிப்பான்களையும் எடைபோடலாம். மார்பகக் கட்டியில் ஹெர்2 மரபணு பல மடங்காகப் பெருகி, அணு அந்தச் சமிக்ஞையை நம்பியே வாழ்கிறது. அதைத் தடுத்தால் வளர்ச்சி நிற்கிறது. ஆஸ்டியோசார்கோமாவில் அந்தப் பெருக்கம் பொதுவாக இல்லை. அங்கே வளர்ச்சியைத் தூண்டுவது டிபி53, ஆர்பி1 போன்ற காவல் மரபணுக்கள் கெட்டு, குரோமோசோம்கள் துண்டு துண்டாகி மாறி ஒட்டியதால் உண்டான குழப்பம். குறிப்பான் பரப்பில் இருப்பது வேறு, கட்டி அதனால் வளர்வது வேறு.

யூயிங் சார்கோமாவிலும் இதே பாடம் கிடைத்தது. அந்த அணுக்களின் பரப்பிலுள்ள ஐஜிஎஃப்-1 ஏற்பி வளர்ச்சிச் சமிக்ஞையை உள்ளே கடத்துகிறது என்பது ஆய்வகத்தில் தெளிவாகத் தெரியும். ஆயினும் அதைத் தடுக்கும் கானிடுமாப் என்ற ஆன்டிபாடியைப் பரவிய யூயிங் நோய்க்குக் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தபோது முடிவு மேம்படவில்லை. நோயெதிர்ப்பு அணுக்களை அடக்கிவைக்கும் பிடி-1 பாதையைத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை 22 ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளுக்குக் கொடுத்ததில் கட்டி சுருங்கியது ஒருவருக்கு மட்டுமே. சிடி 133, சிடி 117, ஸ்ட்ரோ-1 போன்றவை கட்டியின் மூல அணுக்களைக் காட்டுகின்றன என்றும், சிடி 47 கட்டியணுவை விழுங்கவரும் மேக்ரோஃபேஜ் அணுக்களிடம் "என்னைத் தின்னாதே" என்று சமிக்ஞை காட்டுகிறது என்றும் எலிகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அவை அறிவியலுக்கு மதிப்புள்ளவை. ஆனால் அந்த எண்கள் அறிக்கையில் கூடியோ குறைந்தோ இருந்தாலும், உங்கள் பிள்ளைக்கு நாளை ஏற்றப்போகும் மருந்து மாறாது. சிகிச்சையை மாற்றாத சோதனைக்கு நகையை அடகு வைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு விலக்கை மறைக்கக் கூடாது. எலும்பின் இராட்சத அணுக் கட்டியில், பரப்பிலுள்ள ராங்க் ஏற்பியும் அதைத் தூண்டும் ராங்க்எல் புரதமும்தான் எலும்பைத் தின்னும் அணுக்களை வளர்க்கின்றன. அந்தத் தொடர்பை அறுக்கும் டெனோசுமாப் மருந்துக்கு 2013-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எளிதில் அறுத்து எடுக்க முடியாத கட்டிகளில் அது உண்மையாகவே உதவுகிறது. அங்கே பரப்பு மூலக்கூறும் வளர்ச்சியின் காரணமும் ஒன்றாக இருந்ததால் மருந்து வேலை செய்தது.

மூன்றாவது வழியான மரபணுச் சோதனையைத் தேவை பார்த்துச் செய்வது நல்லது. சிறிய வட்ட அணுக் கட்டி என்றால் அது தேவையே. யூயிங் சார்கோமாக்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டில் 11, 22 ஆகிய குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு இடபிள்யூஎஸ்ஆர்1-எஃப்எல்ஐ1 என்ற இணைவு மரபணுவை உண்டாக்குகின்றன; அதைக் கண்டால் சிடி 99 எழுப்பிய ஐயம் உறுதியாகிவிடும். சிஐசி, பிகோர் மரபணு மாற்றங்கள் கொண்ட கட்டிகள் யூயிங்கைப் போலவே தோன்றினாலும், 2020-இன் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு அவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டது. கட்டி தெளிவான ஆஸ்டியோசார்கோமாவாக இருந்தால், தொடக்கத்தில் இந்தச் சோதனைக்கு அவசரமில்லை.

நான்காவது வழியைக் "காத்திருத்தல்" என்று எண்ணி மக்கள் குறைவாக மதிக்கிறார்கள். உண்மையில், கட்டியின் வளர்ச்சியைப் பற்றி இன்று நம்மிடமுள்ள நல்ல சாட்சியங்கள் இங்கேதான் கிடைக்கின்றன. சாதாரண இரத்தச் சோதனையில் தெரியும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், எல்டிஎச் ஆகிய நொதிகள் கூடியிருந்தால் நோய் வலுவாக இருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். நெஞ்சுப் பகுதி சிடி ஸ்கேன், ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் நுரையீரலைக் காட்டுகிறது. மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்று கீமோதெரபி மருந்துகளையும் ஏறத்தாழ 10 வாரங்கள் கொடுத்த பின் கட்டியை அறுத்து எடுத்து, அதில் எவ்வளவு பகுதி செத்திருக்கிறது என்று நோய்க்குறியியல் நிபுணர் அளப்பார். 90 விழுக்காடு அல்லது அதற்கு மேல் செத்திருந்தால் நல்ல பலன். எந்தச் சிடி குறிப்பான் எண்ணையும்விட இந்த அளவு பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. பலன் குறைவாக இருந்த 618 பேரில் ஒரு பாதிக்கு ஐஃபோஸ்ஃபமைடும் எட்டோபோசைடும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வில், பக்க விளைவுகள் கூடின, நோய் திரும்புவது குறையவில்லை. கட்டியின் குணத்தை அறிவதும் அதை மாற்றுவதும் ஒன்றல்ல என்று இங்கேயும் தெரிகிறது. ஆயினும் பழைய மருந்துகளின் வலிமையை எளிதாக நினைக்க வேண்டாம். 1986-இல் வெளியான ஆய்வில், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 2 ஆண்டுகள் கழித்து நோய் திரும்பாதிருந்தவர்கள் 17 விழுக்காடு. கீமோதெரபியும் பெற்றவர்களில் 66 விழுக்காடு. பரப்புக் குறிப்பானை நோக்கிய எந்த மருந்தும் ஆஸ்டியோசார்கோமாவில் அந்த இடைவெளிக்கு அருகில்கூட இன்னும் வரவில்லை. இன்று, பரவாத நோயோடு வந்து முழுச் சிகிச்சையையும் முடிப்பவர்களில் 100-க்கு ஏறத்தாழ 60 முதல் 70 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். பணத்தையும் நேரத்தையும் செலவிட வேண்டியது, அந்தச் சிகிச்சை தடைபடாமல் குறித்த நாளில் நடப்பதற்காக. பினாங்கு வீட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்வரும் செலவு, உடன் தங்கும் பெற்றோரின் சம்பள இழப்பு, காலைக் காக்கும் செயற்கை மூட்டின் விலை ஆகியவை உண்மையான சுமைகள். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக் கட்டணம் குறைவாக இருந்தாலும் மூட்டுக் கருவியின் விலை தனியாக வரக்கூடும் என்பதால், மருத்துவ சமூகப் பணியாளரைச் சந்தித்து, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது. பருவமடைந்த ஆண் பிள்ளையாக இருந்தால், கீமோதெரபிக்கு முன் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றியும் கேளுங்கள். பெற்றோர் வெட்கப்பட்டு விட்டுவிடும் இந்தச் செலவு, எனக்குத் தெரிந்தவரை குறிப்பான் தொகுப்பைவிடப் பன்மடங்கு அவசியமானது.

நோய் திரும்பிவிட்டால் கணக்கு மாறும். நுரையீரலில் தோன்றிய முடிச்சுகளை முழுமையாக அறுத்து எடுக்க முடியுமா என்பதே அப்போதும் முதல் கேள்வி. அதன் பிறகு புதிய மருந்துகளைப் பற்றிப் பேசலாம். ஜிடி2-வை நோக்கிய டைனுடக்சிமாப் நரம்பணுக் கட்டிக்கு 2015-இல் அனுமதி பெற்றிருந்தாலும், திரும்பி வந்த ஆஸ்டியோசார்கோமாவில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பி7-எச்3-இன் நிலை வேறு. அந்தப் பரப்புப் புரதத்தைக் கண்டு ஒட்டி, அணுவுக்குள் நஞ்சை இறக்கும் ஆன்டிபாடி மருந்து ஒன்றுக்கு, திரும்பி வந்த ஆஸ்டியோசார்கோமாவுக்கான முன்னேற்ற மருந்து என்ற தகுதியை அமெரிக்க மருந்து ஆணையம் 2025 ஜனவரியில் வழங்கியது. கட்டி அந்தக் குறிப்பானால் வளர வேண்டும் என்ற தேவை இந்த முறைக்கு இல்லை. மருந்து இறங்குவதற்கு ஒரு வாசல் இருந்தால் போதும். இந்தத் துறையில் இப்போது நான் மிகவும் நம்பிக்கையோடு பார்ப்பது இதைத்தான். ஆனால் பெரும்பாலான ஆஸ்டியோசார்கோமாக்களில் பி7-எச்3 ஏற்கெனவே இருப்பதால், சொந்தச் செலவில் சோதித்து "இருக்கிறது" என்ற முடிவைப் பெறுவதால் மட்டும் மருந்து கிடைத்துவிடாது. மருத்துவ ஆய்வு ஒன்றில் இடம் இருக்கிறதா என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்பதே சரியான அடுத்த படி. ஆய்வில் சேர்க்கும்போது வேண்டிய சோதனைகளை அவர்களே சொல்வார்கள்.

அதற்காகவும் மெழுகுக் கட்டி பத்திரமாக இருக்க வேண்டும். வெட்டி வைத்த தகடுகளில் காலப்போக்கில் சாயம் பிடிக்கும் தன்மை குறைந்துவிடும். மெழுகுக் கட்டியோ ஆண்டுக்கணக்கில் தாங்கும். அது ஆய்வுக்கூடத்தின் பாதுகாப்பில் இருக்கும் என்பதால், இரண்டாம் கருத்துக்கு வேண்டும்போது சிகிச்சை மருத்துவரின் கடிதத்தோடு கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அன்று கேட்ட அந்தத் தாயிடம், நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றேன். மறுவாரம் மருத்துவரின் கடிதம், கண்ணாடித் தகடுகள், இரண்டு மெழுகுக் கட்டிகள் எல்லாவற்றையும் துணி சுற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக்கொண்டு, மகனோடு படகேறி பட்டர்வொர்த் போய் ரயிலைப் பிடித்தார். டப்பாவை வெயில் படும் ஜன்னல் ஓரம் வைத்துவிடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியனுப்பியிருந்தேன். கோலாலம்பூர் நிபுணரும் அதே பெயரைத்தான் சொன்னார். பத்து நாள் கழித்து அந்தப் பையனுக்கு முதல் சுற்று மருந்து ஏறியது.